நான்கு நாள் நின்றால் இறங்கிவிடும் பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ஐந்து வயதான பெட்ரோல் கார். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறக்கும்; சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் தானே கிளம்பும். உரிமையாளர் அதை என்னிடம் கொண்டுவந்தபோது ஏழு புகார்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதற்கு முன் வேறொரு பட்டறையில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் மாற்றியிருந்தார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகும் தொல்லை தீரவில்லை. அவரை உண்மையில் வாட்டியது தாளின் கடைசி வரிதான்: நான்கு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால், அடுத்த நாள் காலை செல்ஃப் எடுப்பதில்லை.

மற்ற ஆறு வரிகளையும் அவர் எழுதியதற்குக் காரணம் இருந்தது. பேட்டரி ஒருமுறை கைவிட்ட பிறகு வண்டியில் தானாக நடக்கும் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வருவது இயற்கை. பூட்டிய பிறகும் ஒரு பக்கத்துப் பார்க்கிங் விளக்கு மட்டும் எரிகிறது. என்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பின் இருக்கைக்கு அடியில் விர்ரென்று ஒரு சத்தம் கேட்கிறது. திருப்பத்தில் ஒரே ஒரு ஃபாக் லேம்ப் எரிந்து அணைகிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சிறு வோல்ட் மீட்டர் ஒரு நேரம் 12.6 என்றும் ஒரு நேரம் 14.8 என்றும் காட்டுகிறது; சிக்னலில் என்ஜினை அணைத்துக் கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை.

பழைய கார்களில் விளக்குக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், மிஞ்சினால் ஒரு ரிலே இருக்கும். சாவியை எடுத்த பிறகு விளக்கு எரிந்தால் அது பழுது என்று உடனே சொல்லிவிடலாம். இன்றைய காரில் பெரும்பாலான சுவிட்சுகள் விளக்கை நேரடியாக எரிப்பதில்லை. மாட்யூல் எனப்படும் ஒரு சிறு கணினிப் பெட்டியிடம் கோரிக்கை வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். அந்த மாட்யூல் கதவு, வேகம், வெப்பநிலை, பேட்டரியின் இருப்பு என்று பலவற்றையும் பார்த்துவிட்டு எரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். ஆகவே ‘தானாக நடக்கிறது’ என்பதை மட்டும் வைத்து எதையும் பழுதென்று சொல்ல முடியாது. எந்த நிலையில் தொடங்குகிறது, எந்த நிலையில் முடிகிறது, அந்தத் தொடக்கமும் முடிவும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, மாட்யூல் இட்ட உத்தரவும் நடந்த செயலும் பொருந்துகின்றனவா என்று அளக்க வேண்டும். இவ்வளவும் செய்யாமல் ‘எல்லா வண்டியும் அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதும், காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றுவதும் என் பார்வையில் ஒரே தவறுதான்.

ஒரு பக்கத்து விளக்கில் தொடங்கினேன். இக்னிஷனை அணைத்த பிறகும் இண்டிகேட்டர் தண்டு இடப்புறமோ வலப்புறமோ தள்ளியபடியே இருந்தால், அந்தப் பக்கத்து முன் பின் பார்க்கிங் விளக்குகள் மட்டும் எரியும்படி சில கார்களை அமைத்திருக்கிறார்கள். வெளிச்சமில்லாத குறுகிய சாலையின் ஓரத்தில் இரவில் நிறுத்தும்போது, போக்குவரத்துப் பக்கம் மட்டும் தெரிந்தால் போதும் என்பதற்கான ஏற்பாடு அது. உரிமையாளர் ஓரங்கட்டும்போது போட்ட இண்டிகேட்டரை எடுக்காமலேயே இறங்கியிருக்கிறார். தண்டை நடுவுக்குக் கொண்டுவந்ததும் விளக்கு அணைந்தது. மூன்று முறை செய்து காட்டினேன், மூன்று முறையும் அப்படியே நடந்தது. இது பழுதில்லை என்றாலும் பேட்டரிக்குத் தீங்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஐந்து வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் ஏறக்குறைய 0.8 ஆம்பியர் போகும். பத்து மணி நேரத்தில் எட்டு ஆம்பியர்-மணி கரைந்துவிடும். வேண்டுமென்று செய்த வசதியும் பேட்டரியை இறக்கலாம் என்பதால், பேட்டரி இறங்கிய நாட்களில் அந்த விளக்கு எரிந்ததா என்று கேட்டேன். கடைசி இரண்டு முறையும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அந்தக் கிளை அத்துடன் முடிந்தது.

திருப்பத்தில் எரியும் ஒற்றை ஃபாக் லேம்ப், குறைந்த வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் பக்கத்துத் தரையைக் காட்டுவதற்காகத் தரப்பட்டது. ஸ்டீயரிங்கை நேராக்கியதும் அணைந்தது. இதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

ரேடியேட்டர் ஃபேன் சற்று யோசிக்க வைக்கும் விஷயம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் என்ஜினை அணைத்தால் தண்ணீர்ச் சுற்று நின்றுபோகும். ஆனால் என்ஜினின் இரும்பில் தேங்கிய வெப்பம் உடனே குறையாது, சில நிமிடங்களுக்கு ஏறவும் செய்யும். அதைத் தணிக்க ஃபேன் ஓடிவிட்டு நிற்பது சரியான நடத்தை. ஆனால் இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில் இக்னிஷனைப் போட்டதுமே ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் அது வேறு கதை. பெரும்பாலும் வெப்பநிலை சென்சாரின் இணைப்பு அறுந்து, என்ஜினைக் காப்பதற்காக மாட்யூல் ஃபேனை நிரந்தரமாகப் போட்டிருக்கும். செயல் இரண்டிலும் ஒன்றுதான், தொடக்கம்தான் வேறு. இந்த வண்டியில் சூடான நிலையில் நான்கு நிமிடம் ஓடி நின்றது. மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஓடவே இல்லை.

கதவைத் திறந்ததும் கேட்கும் விர்ரென்ற சத்தம் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பினுடையது. ஓட்டுநர் கதவு திறக்கிறது என்றால் ஆள் வண்டியை எடுக்கப் போகிறார் என்று மாட்யூல் எடுத்துக்கொண்டு, பம்பை இரண்டு விநாடி ஓட்டிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைக்கும். காலையில் இதை விளக்கிச் சொல்லி, அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று மாலையே அதற்குத் திரும்பி வர நேர்ந்தது.

வோல்ட் மீட்டரின் ஏற்ற இறக்கம்தான் உரிமையாளருக்கு அதிகச் செலவு வைத்தது. பழைய ஆல்டர்னேட்டர்கள் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை ஒரே சீராகத் தரும். அந்தப் பழக்கத்தில் பார்ப்பவருக்கு 12.6 என்ற எண் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்றும், 14.8 என்ற எண் ‘ஓவர் சார்ஜ்’ என்றும்தான் தோன்றும். இந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சிறு சென்சார் இருக்கிறது. அது மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து சொல்ல, என்ஜின் மாட்யூல் ஆல்டர்னேட்டருக்கு நேரத்துக்கு நேரம் வேறு வேறு மின்னழுத்தத்தைக் கட்டளையிடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜினின் சுமையைக் குறைக்க ஆல்டர்னேட்டர் கிட்டத்தட்ட ஓய்வெடுக்கும். காலை எடுத்து வண்டி தன் வேகத்தில் உருளும்போது, வீணாகப் போகும் அந்த விசையைக் கொண்டு பேட்டரியை நிரப்பும். அந்த நேரத்தில் ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும் என்பதால், இத்தகைய வண்டிகள் பேட்டரியை முழுதாக நிரப்பாமல் 80 சதவீத அளவிலேயே வைத்திருப்பது வழக்கம்.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, அளந்து காட்ட வேண்டும். மாட்யூல்களின் தகவலைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் மாட்யூல் கேட்கும் மின்னழுத்தத்தையும் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் காட்டும் மின்னழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட்டினோம். கேட்டது 12.7 என்றால் வந்ததும் 12.6, கேட்டது 14.9 என்றால் வந்தது 14.8. முகப்பு விளக்கையும் பின் கண்ணாடி ஹீட்டரையும் போட்டதும் கட்டளை 14.3க்கு ஏறியது, ஆல்டர்னேட்டரும் கூடவே ஏறி நின்றது. மீட்டரை மாறுதிசை மின்சார அளவுக்கு மாற்றிப் பார்த்தபோது, ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தில் மிஞ்சும் சிற்றலை 0.04 வோல்ட், அதன் உள்ளிருக்கும் டையோடு கெட்டிருந்தால் அது அரை வோல்ட்டை நெருங்கியிருக்கும். மாற்றிய ஆல்டர்னேட்டரில் குறையில்லை. பழையதிலும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதிலும் இதே எண்களைத்தான் பார்த்ததாக உரிமையாளர் சொன்னார்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாதது பழுது என்று அவர் எழுதியிருந்தார். என்ஜின் போதிய சூடாக இல்லாவிட்டால், ஏசிக்குத் தேவை அதிகமாக இருந்தால், சீட் பெல்ட் போடாவிட்டால், பேட்டரியில் இருப்பு குறைந்தால் என்று அது தன்னைத் தானே விலக்கிக்கொள்ளப் பல காரணங்கள் உண்டு. வண்டியோடு வரும் கையேட்டிலேயே இவை இருக்கும். எந்தக் காரணத்தால் விலகியிருக்கிறது என்பதை ஸ்கேனர் சொல்லும். இங்கே சொன்னது ஒன்றே ஒன்று: பேட்டரி இருப்பு போதாது. அதாவது அந்த வசதி கெடவில்லை. இரண்டு மாதமாக அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றியவர்கள் புதிய பேட்டரியை மாட்யூலில் பதிவு செய்யவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன், ஆனால் நான்கு நாளில் பேட்டரி தீர்ந்துபோவதற்கு அது காரணமாக இருக்க முடியாது.

மிஞ்சியது ஏழாவது வரி. நின்றிருக்கும் காரிலும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். அலாரம், சாவியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆன்டெனா, கடிகாரம், மாட்யூல்களின் நினைவகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. ஆனால் பூட்டியவுடனே அந்த அளவுக்கு இறங்கிவிடாது. மாட்யூல்கள் இரண்டு ஒயர் வழியே ஒன்றோடொன்று பேசும் கேன் என்ற முறையை பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. அந்த இரட்டை ஒயரில் ஒரு மாட்யூல் விழித்திருந்தாலும் மற்றவையும் விழித்திருக்கும், எல்லாம் அடங்க வண்டிக்கு வண்டி பத்து நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். பூட்டிய ஐந்தாம் நிமிடத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டு ‘கரண்ட் லீக்கேஜ்’ என்று சொல்வது அவசரம். அடங்கியதும் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ‘லீக்கேஜ் இல்லை’ என்று சொல்வதும் அவசரம்தான். முந்தைய பட்டறையில் நடந்தது இந்த இரண்டாவது. அவர்கள் பார்த்த 22 மில்லி ஆம்பியர் பொய்யில்லை, அந்த நொடிக்கு மட்டும் உண்மை.

பேட்டரி முனையைக் கழற்றி மீட்டரை நடுவில் செருகினால் எல்லா மாட்யூல்களும் புதிதாகத் தொடங்கும். தேடும் பழுது சில நேரம் அதிலேயே ஒளிந்துகொள்ளும். ஆகையால் மில்லி ஆம்பியர் வரை படிக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளைச் சுற்றிப் போட்டு, பதிவு செய்யும்படி வைத்தேன். பானெட் திறந்திருப்பது மாட்யூலுக்குத் தெரியாதபடி அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தேன். சாவி பக்கத்தில் இருந்தால் ஆன்டெனா அதோடு பேசிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைப் பத்து மீட்டருக்கு அப்பால் வைத்தேன். பூட்டியவுடன் 5.8 ஆம்பியர், ஒரு நிமிடத்தில் 2.9, பத்தாம் நிமிடத்தில் 0.7, பதினெட்டாம் நிமிடத்தில் 0.022. பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல இறங்கியது.

மாலை ஏழரை இருக்கும். வெயில் போய்த் தகரக் கூரை குளிர ஆரம்பித்திருந்தது, கம்ப்ரசரும் நின்றுவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது, பின் இருக்கைப் பக்கமிருந்து விர்ரென்று இரண்டு விநாடி சத்தம் கேட்டது. யாரும் கதவைத் தொடவில்லை. உள்விளக்கு மெதுவாக எரிந்து, அரை நிமிடம் இருந்து, மங்கி அணைந்தது. மீட்டரில் 6.1 ஆம்பியர். காலையில் இயல்பு என்று நானே அடித்துவிட்ட அதே சத்தம், உரிய தொடக்கம் இல்லாமல் வந்திருக்கிறது.

உடனே உரிமையாளரை அழைத்து, வீட்டில் நிற்கும்போது உள்விளக்கு எரிந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “அது கோளாறில்லை சார், நான் கிட்டே போனால் விளக்குப் போட்டு வரவேற்கிற வசதி. மாடி ஜன்னலில் நின்றால்கூட எரியும்” என்றார். சாவியின் இருப்பை வண்டி உணரும் தூரம் ஒன்றிரண்டு மீட்டர்தான். மாடி ஜன்னலில் நிற்பவரை அது உணர வழியில்லை. வண்டியில் தானாக நடந்தவற்றில் ஆறைப் பழுதென்று எழுதியவர், ஏழாவது வரிக்கு விடையாக இருந்த இந்த ஒன்றை வசதி என்று நினைத்து விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வரவேற்பு விளக்கு அந்த வண்டியில் உண்மையாகவே உண்டு. அவர் அருகே போகும்போது அது சரியாகவே எரிந்தது.

இரவு முழுவதும் பதிவை ஓடவிட்டேன். பத்து மணி முதல் ஆறு மணி வரை வண்டி பதினான்கு முறை விழித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அடங்கப் பதினெட்டு நிமிடம், செலவு சுமார் அரை ஆம்பியர்-மணி. பகலில் எண்ணிக்கை குறைந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக 11 ஆம்பியர்-மணி என்று வைத்தால் நான்கு நாளில் 44. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதம் என்பது 56. அதில் 44 போனால் 12தான் மிச்சம். செல்ஃப் எடுக்காததில் வியப்பில்லை. பழுதில்லாத அடக்க நிலையில், அதாவது 22 மில்லி ஆம்பியரில், நாளொன்றுக்குப் போவது 0.53 ஆம்பியர்-மணிதான்.

பம்பும் உள்விளக்கும் சேர்ந்து எழுகின்றன என்றால், ஓட்டுநர் கதவு திறந்ததாக யாரோ சொல்கிறார்கள் என்று பொருள். ஸ்கேனரில் பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை; இருக்கவும் முடியாது. கதவு திறந்திருக்கிறது என்பது மாட்யூலின் கணக்கில் ஒரு செய்தியே தவிரப் பழுதாகாது. குறியீடு இல்லை என்பதால் வண்டி நலம் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நேரலைத் தகவலில் ஓட்டுநர் கதவின் நிலையைத் திரையில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவின் பூட்டுப் பகுதியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். மூன்றாவது தட்டில் ‘மூடியது’ என்பது ‘திறந்தது’ என்று மாறி, அதே நொடியில் திரும்பியது.

காரணம் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சாக இருக்கலாம், கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர் முறிந்ததாகவும் இருக்கலாம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த ஒயர்கள் மடிவதால், பலர் முதலில் சந்தேகப்படுவது அவற்றைத்தான். குழாயை வளைத்து, முறுக்கி, இழுத்துப் பார்த்தும் திரையில் எழுத்து மாறவில்லை. கதவின் உள் அட்டையைக் கழற்றி, பூட்டின் இணைப்பியைப் பிரித்துச் சுவிட்சை அளந்தேன். இந்த வண்டியில் கதவு சாத்திய நிலையில் அதன் முனைகள் சேர்ந்திருக்க வேண்டும், ஓர் ஓமுக்கும் குறைவாகவே காட்ட வேண்டும். மீட்டர் 3 ஓமில் தொடங்கி, தட்டத் தட்ட நூற்றுக்கணக்கான ஓம்களுக்குத் தாவியது. உலோகம் மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது இதே அசைவு தானாக நிகழ்ந்திருக்க வேண்டும். இரவில் எண்ணிக்கை கூடியதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதுவே. ஓடும்போது ஒருமுறை ‘கதவு திறந்துள்ளது’ என்று டேஷ்போர்டில் வந்ததையும், கதவை அழுத்திச் சாத்தியதும் போய்விட்டதையும் உரிமையாளர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

சுவிட்ச் தனியாகக் கிடைக்காததால் பூட்டு முழுவதையும் மாற்றினோம். பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, மாட்யூலில் பதிவு செய்தோம். அன்றிரவுப் பதிவில் பதினெட்டாம் நிமிடத்தில் 22 மில்லி ஆம்பியருக்கு இறங்கிய கோடு, காலை வரை எழவில்லை. இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பின் ஸ்டார்ட்-ஸ்டாப் தானாகத் திரும்பி வந்தது.

இவ்வளவும் சொல்லும்போது, தொடக்கம் முடிவு என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாத சில அறிகுறிகளையும் சொல்லியாக வேண்டும். கருகும் வாசனை, தொட முடியாத அளவு சூடேறும் ஒயர், ஒரே ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போவது, இவை எந்தக் காரிலும் வசதி ஆகா. போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய அளவு ஃபியூஸைப் போட்டுச் சமாளித்தால், ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் ஒயர் எரியும். செல்ஃப் அடிக்கும்போது எல்லா விளக்குகளும் ஒரேயடியாக மங்கினால், பேட்டரியைப் பழிக்கும் முன் எர்த் கேபிளை அளக்க வேண்டும்; செல்ஃப் சுற்றும் நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை அந்த இணைப்பில்தான். இன்னொரு வகையும் உண்டு: இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்னுவதுதான் விதி, திடீரென்று இரட்டிப்பு வேகத்தில் மின்னினால் ஒரு பல்பு போய்விட்டது என்று தெரிவிக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த வேகம் வசதி, பல்பு பழுது, இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

கழற்றிய பூட்டைப் பட்டறையில் பிளந்து பார்த்தேன். உள்ளே நீர் புகுந்த தடம் ஒன்று கோடாக இறங்கியிருந்தது. சுவிட்சின் செம்பு முனையில் கடுகளவு இடம் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. உரிமையாளர் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு, நான்கு நாள் முழுதாக நின்றிருந்த வண்டியின் பேட்டரியை அவர் முன்னிலையில் அளந்தேன். நிறுத்தும்போது 12.62 வோல்ட் இருந்தது 12.57 காட்டியது, பொத்தானை அழுத்தியதும் செல்ஃப் முதல் சுற்றிலேயே எடுத்தது.